பொன்னுசாமி அண்ணன் கட்டிய ராணி வேஷம்

பொன்னுசாமி அண்ணன் போய்விட்டார். காலையில் கொல்லிமலையிலிருந்து அவர் மகள் ராசம்மா போன் செய்தாள்.

தொண்ணூற்றொன்பது வயது.

இங்கே நான் எழுதுவதைப் படிக்கும் என் பழைய மாணவர்களுக்கு அவரைத் தெரியாது. மலைக்குள் ஐம்பது வருஷத்துக்கு மேல் நாடகம் போட்டவர். நடிப்பதும் அவரே, சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரும் அவரே.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். அவருக்கு இருபது, எனக்குப் பதினைந்து. அவர் ராஜா, மீசை முளைக்காத நான் ராணி.

எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்பதற்கு ஓர் உதாரணம். ராணியாயிற்றே என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

"ஏங் கண்ணு, போலீஸ்காரனாட்டம் நடக்கற? தலையில தெனை மூட்டையோட நம்மூட்டுப் பொம்பளைங்க மேடேறுவாங்கல்ல... அந்த நடை நட. அதான் ராணி."

நடந்தேன். ராணி வந்துவிட்டாள்.

திண்ணனூர் நாட்டில் நாடகம். எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அதற்கு முதல் நாள்தான் கடிதம் வந்தது. மலைக்குக் கீழே ஆசிரியர் டிரெயினிங்கில் எனக்கு இடம், உடனே வந்து சேர வேண்டும்.

நாடகத்தன்று காலையில் அப்பாவோடு புளியஞ்சோலைப் பக்கமாக இறங்கிவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று பயம்.

லீவில் வந்தபோது கேட்டேன். "அன்னிக்கு ராணி யாருண்ணா?"

"எவனோ ஒருத்தன் கட்டுனான், அத உடு. நீ பாஸ் பண்ணிருவியா கண்ணு?"

அதற்குப் பிறகு அவர் சொந்த ஊரான தேவனூர் நாட்டில் குடியிருக்கவே இல்லை. திண்ணனூர் நாட்டிலேயே தங்கிவிட்டார். நாடகப் பித்து என்று நினைத்திருந்தேன்... இத்தனை வருஷமும்.

இன்று காலை ராசம்மா அழுதுகொண்டே சொன்னாள். ராணி வரவில்லை என்றதும் ராஜா வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அண்ணனே மீசையை மழித்துக்கொண்டு ராணி கட்டியிருக்கிறார்.

எங்கள் பக்கம் அப்பா இறந்தால்தான் மகன் மீசையை எடுப்பான். அவருடைய அப்பா முன்னால்தான் உட்கார்ந்திருந்தாராம்.

"நான் உசுரோட உக்காந்திருக்கறேன்... எனக்குக் காரியம் பண்ணிப்போட்டியாடா?" என்று எழுந்து போய்விட்டார்.

மீசை வளர்ந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். "பாருங்கப்பா, மொளைச்சிருச்சு."

"அது நான் செத்ததுக்கப்புறம் மொளைச்சதுடா." கதவைச் சாத்திவிட்டார்.

அந்த அப்பா நிஜமாகவே இறந்தபோது யாரும் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாம் நாள் சந்தையில் யாரோ பேசிக்கொண்டது அண்ணன் காதில் விழுந்ததாம்.

"எல்லாம் எவனோ ஒரு பையனாலதானுங்க ஐயா. சொல்லாம கொள்ளாம ஓடிட்டானாமுங்க. எத்தனையோ தடவ கேட்டோம். 'பொழைக்கப் போன புள்ள, அவம்பேரு உங்களுக்கெதுக்கு'ன்னுட்டாரு. கடைசி வரைக்கும் சொல்லலீங்க" என்றாள் ராசம்மா.

சரி அம்மா என்று போனை வைத்துவிட்டேன்.

ராசம்மா, உன் மகன் இதை உனக்குப் படித்துக் காட்டுவான். அந்தப் பையன் நான்தான்.

போய் வாருங்கள், அண்ணா...