கொடை வீடியோவும் நான்கு மணி வகுப்பும்

என் மகளுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. மதுரையில் டாக்டரிடம் காண்பித்தோம். காது நன்றாகக் கேட்கிறது, உதடும் நாக்கும் பழக வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் போதவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு டீச்சர் வீடியோ காலில் பயிற்சி கொடுப்பார். கோவில்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். அதனால் வயர் இழுத்துப் போட்ட இன்டர்நெட்டைத்தான் நம்பியிருந்தோம். டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வைத்து, மகளை மடியில் உட்கார வைப்பேன். டீச்சர் கன்னத்தை உப்பி, உதட்டை ஒட்டி, 'ப்பா' என்று விடுவார். மகள் அந்த வாயைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

மூன்று வாரமாக அந்த வாய் நின்று நின்று வந்தது. கன்னம் உப்பியபடி முகம் அசையாமல் இருக்கும். சத்தம் தனியாகப் பின்னால் வரும். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மகளிடம் "ப்பா சொல்லு" என்றேன். கன்னத்தை உப்பினாள். அப்படியே இருந்தாள். கண்கூட இமைக்கவில்லை. நான் பயந்துபோய் உலுக்கிவிட்டேன். அழுதாள். இது வேறு ஏதோ நோய் என்றே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சருக்குப் போன் செய்தேன். "அவ தப்பா பண்ணலம்மா," என்றார். "ஸ்க்ரீன்ல நான் அப்படியே நின்னுடறேன்ல, அதைத்தான் பார்த்துப் பண்றா. இது பழகிட்டா மாத்துறது கஷ்டம். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள லைன் சரியாகலைன்னா இந்த நேரத்தை வேற குழந்தைக்குக் குடுத்துடறேன். நீங்க நேர்ல வாங்க."

நேரில் என்றால் சென்னை. என் கணவருக்கு மில்லில் ஷிப்டு. வாரம் இரண்டு முறை கைக்குழந்தை மாதிரி அவளைத் தூக்கிக்கொண்டு நான் ரயிலேறுவது நடக்கிற காரியமா?

ஆட்டுக் கொட்டகைக்கு மேலே வருகிற வயரைச் சந்தேகப்பட்டேன். கேபிள்காரர் வந்து, பச்சை விளக்கு எரிகிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். டேப்லெட்டைச் சந்தேகப்பட்டேன். வைத்த இடத்தைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் மேல் கண் போனது.

எங்கள் குலதெய்வமான அம்மனுக்குக் கொடைத் திருவிழா கழிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு நாள் கொடையையும் முழுதாகப் படம் பிடித்திருந்தோம். மும்பையிலும் சூரத்திலும் துபாயிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அது வேண்டும். அவ்வளவு பெரிய ஃபைலை அனுப்ப ஓசூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தன், நம் கம்ப்யூட்டரிலிருந்தே மற்றவர்கள் நேராக இழுத்துக்கொள்ளும் டோரண்ட் போட்டுக் கொடுத்திருந்தான். முழுப் படமும் எங்கள் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் இழுத்து முடிக்கும் வரை அது ஓட வேண்டும். மாமனார் அதற்கு எதிரே நாற்காலி போட்டு, பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வகுப்பு நேரத்துக்கு மட்டும் நிப்பாட்டட்டுமா மாமா?" என்று கேட்டேன்.

"ஏத்தா, சாமி ஆடிக்கிட்டிருக்கையில மேளத்த நிப்பாட்டுவாவளா? வில்லுப்பாட்டப் பாதியில முடிப்பாவளா? இதுவும் அப்படித்தான். பம்பாய்க்காரன் நூத்துக்குத் தொண்ணூறு வந்துட்டான். பிள்ளைக்குப் பேச்சு கேட்டு அவளுக்குத்தான நேந்திருக்கோம்? அவளையே பாதி வழியில நிறுத்தப் போறியா?"

அவருக்குத் தெரியாமல் நிறுத்தலாம் என்று தோன்றியது. அடுத்த நிமிடமே, நேர்ச்சை வைத்த நானே அப்படிச் செய்வதா என்றும் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலையில் கரண்ட் இல்லை. மதியம் வந்தபோது மாமனார் உளுந்துக் காட்டில் இருந்தார். லேப்டாப் அணைந்துகிடந்தது. அதைப் போடும்முன் செல்போனில் இன்டர்நெட் வேகத்தை அளந்தேன். இறங்கும் வேகம் நாற்பது, ஏறும் வேகம் பத்து. லேப்டாப்பைப் போட்டு, டோரண்ட் ஓடத் தொடங்கியதும் திரும்ப அளந்தேன். ஏறுவது ஒன்றுகூட இல்லை. இறங்குவதும் தத்தளித்தது. நமக்கு வருவது மட்டும்தான் முக்கியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நாம் அனுப்புவதுதான் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"ஆமா மதினி, டீச்சர் படம் இங்க வரணும்னாலும் 'வந்துட்டு, அடுத்தது அனுப்பு'ன்னு நம்ம பக்கத்துல இருந்து சின்னச் சின்னதா பதில் போய்ட்டே இருக்கணும். அது கொடை வீடியோவுக்குப் பின்னால வரிசையில நிக்குது."

"நிப்பாட்டாம, கொறைக்க மட்டும் முடியுமா தம்பி?"

"முடியும். ஏத்துற வேகத்துக்கு ஒரு அளவு போடலாம், செட்டிங்ஸ்ல இருக்கு. எனக்கு ஷிப்டு தொடங்கிட்டு, போன வச்சிருதேன்."

பத்தில் எட்டு போதும் என்று எண்ணி, செட்டிங்ஸில் வேகத்துக்கான கட்டத்தில் எட்டாயிரம் என்று போட்டேன். நான்கு மணிக்கு டீச்சரின் முகம் பழையபடி நின்றது. மகளும் கன்னத்தை உப்பி நின்றாள். அன்று நான் அழுதேன்.

மறுநாள் சோறு வடிக்கும்போதுதான் அந்தக் கட்டத்தின் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்து நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். செல்போன் அளந்தது மெகாபிட்டில். டோரண்ட் கேட்டது கிலோபைட்டில். எட்டுப் பிட் ஒரு பைட். பத்து மெகாபிட் என்பதே ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோபைட்தான். நான் போட்ட எட்டாயிரம் எதையும் தடுக்கவில்லை. கணிதத்தில் பட்டம் வாங்கியவள் செய்கிற தப்பா இது!

மற்ற நேரத்துக்குத் தொள்ளாயிரம் போட்டேன். கிழமையும் நேரமும் குறித்துவிட்டால் அப்போது மட்டும் வேகத்தைக் குறைக்க ஆமைப் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. செவ்வாய், வெள்ளி, மூன்றே முக்கால் முதல் ஐந்து வரை, இருநூறு. திரும்பத் திரும்ப வகுத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மாமனாரிடம் சொல்லிவிட்டேன். மறைத்துச் செய்ய மனம் வரவில்லை.

"நிக்குமா?"

"நிக்காது மாமா. மெதுவாப் போகும்."

கொஞ்ச நேரம் ஆமையைப் பார்த்தார். "சாமி வர்ற சப்பரமும் மெதுவாத்தான் போவுது. போட்டும்."

நான்கு மணி. டீச்சர் கன்னத்தை உப்பினார். உதடு பிரிந்தது. 'ப்பா.' வாயும் சத்தமும் ஒன்றாக வந்தன. மறுபடியும் ஒன்றாக வந்தன. மகள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கன்னத்தை உப்பினாள். நின்றாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன்.

"ப்பா!"

டேப்லெட் முழுக்க எச்சில். டீச்சர் கை தட்டினார். அந்தச் சத்தமும் கையோடு சேர்ந்தே வந்தது.

"வகுப்பு நின்னுட்டா, ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே மாமனார் முன்னறையிலிருந்து வந்தார். "இங்க கொடை ஓடிட்டுத்தான் இருக்கு." மகள் அவரைப் பார்த்துத் திரும்பவும் "ப்பா" என்றாள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பார்க்கலாம்," என்றார் டீச்சர். எங்கள் நேரம் எங்களிடமே இருந்தது.

"அம்மன் கண்ணத் தொறந்துட்டா," என்றார் மாமனார்.

"ஆமா மாமா," என்றேன். கணக்கைச் சரியாகப் போட்டது நான் என்பது அந்த அம்மனுக்குத் தெரியும்.