மேட்டுக்காரியின் மிதி

ஆஸ்பத்திரி மேட்டில் எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கி, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். வீடு வீடாக ரொட்டி போடுகிற மேட்டுக்காரி மட்டும் இறங்கவே மாட்டாள். கூடை நிறைய ரொட்டியோடு, குறுக்கே வருகிறவனையெல்லாம் கண்டபடி ஏசிக்கொண்டே மிதிப்பாள். பாதியில் நின்றால் அவ்வளவுதான். கீழே போய் முதலிலிருந்து மிதிக்க வேண்டும்.

அது தெரிந்தேதான் அவள் புருஷன் அன்றைக்குப் பாதி மேட்டில் மறித்தான். மூக்குமுட்டக் குடித்திருந்தான். ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தி, பளார் பளாரென்று அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் ரொட்டியில் சொட்டியது.

"எறங்குடி! மிதிச்சே கொன்னுடுவேன்!"

வீட்டில் தினமும் கேட்கிற பேச்சுதான். ஆனால் இது அவளுடைய மேடு. இறங்கினாள். மிதித்து மிதித்து உரமேறிய காலால் அவன் முழங்காலைப் பார்த்து விட்டாள் ஒரு உதை. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அலறிக்கொண்டே அடிவாரம் வரை உருண்டான்.

வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, அவளும் சைக்கிளைக் கீழே உருட்டி வந்தாள். அவன் வழியை அடைத்துக் கிடந்தான்.

"தள்ளிப் படு, மிதிக்கணும்" என்றாள்.

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "வேணாம்டி, செத்துருவேன்!"

"உன்னை இல்லடா," என்றாள். "சைக்கிளை."