ரிவர்ஸில் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

வாரத்தில் ஆறு நாள் அவள் டவுன் பஸ் ஓட்டுவாள். ஏழாம் நாள் ஸ்கேட்டிங் அரங்கத்தில் பாட்டு ஓட்டுவாள். பஸ் டிப்போவில் அவளுக்கு 'ரெக்கார்டு அக்கா' என்று பெயர், அரங்கத்தில் 'டிரைவரம்மா'. ஒரு இடத்துப் பிழைப்பு இன்னொரு இடத்தில் பட்டப்பெயராகிவிட்டதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

பதினாறு வருடமாக இப்படித்தான். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அரங்கத்து மூலையில் இருக்கும் மரக்கூண்டுக்குள் ஏறுவாள். இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிள், இரண்டின் பாட்டையும் கலக்க நடுவே ஒரு மிக்சர், காலடியில் மூன்று பெட்டி நிறைய இசைத்தட்டுகள். ஒரு தட்டில் பாட்டு ஓடும்போதே மறு தட்டில் அடுத்த பாட்டை ஏற்றி, ஹெட்போனில் கேட்டு, விரல்நுனியால் தட்டைத் தள்ளியும் பிடித்தும் தாளம் சேர்த்து, ஒன்று முடிந்த சுவடே தெரியாமல் இன்னொன்றுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவாள். சக்கர ஷூ மாட்டிக்கொண்டு சுற்றுகிற நூறு பேரில் ஒருவருக்கும் கால் தடுமாறாது. பஸ்ஸில் கியர் மாற்றினால் நிற்கிறவர் கம்பியைத் தேடக்கூடாது என்பாளே, அதே கைதான் இங்கேயும்.

அந்த மூன்று பெட்டிதான் வினையாக வந்தது. ஒருநாள் பெட்டியோடு மாடிப்படியில் இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, பிடித்தது விடவேயில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பஸ் ஓட்டுங்க, வேணாங்கல. ஆனா பெட்டி தூக்கினீங்கன்னா அப்புறம் பஸ்ஸும் கிடையாது," என்றார். தம்பி வந்து டர்ன்டேபிள்களையும் மிக்சரையும் வீட்டுக்கு எடுத்து வந்தான்.

மூன்று மாதம் அவள் அரங்கத்துப் பக்கமே போகவில்லை. முதலாளி ஒரு போனை ஸ்பீக்கரில் மாட்டிவிட்டுப் பாட்டு ஓட்டினார். போன் ஒரு பாட்டை முடிக்கும், தொண்டையைச் செருமுகிற நேரம் சும்மா இருக்கும், அடுத்ததைத் தொடங்கும். சுற்றுகிறவர்கள் அந்த இடைவெளியில் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். முதலாளி அதைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் இல்லை. கூண்டை அளந்து பார்த்து, ஷூ ரேக் ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிட்டார் என்று அவள் காதுக்கு வந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிக்கு அக்கா அழுதால் தாங்காது. தாங்காததை அவன் திட்டியே காட்டுவான்.

"எல்லாப் பாட்டையும் லேப்டாப்ல போட்டுக்கோ. பட்டனத் தட்டினா முடிஞ்சுது. எதுக்கு இந்த வம்பு?"

"தாளம் சேர்க்க எதப் புடிச்சுத் தள்றது? உன் மூஞ்சியவா?"

தம்பி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனான். நான்கு நாள் கழித்து ஒரு சின்னப் பெட்டியும் இரண்டே இரண்டு இசைத்தட்டுகளும் கொண்டு வந்தான். அந்தத் தட்டுகளில் பாட்டே இல்லை. நேராக ஸ்பீக்கரில் விட்டால் காதைக் குடைகிற ஒரு கீச்சொலிதான். ஆனால் டர்ன்டேபிளிலிருந்து வருகிற வயர்களை அந்தச் சின்னப் பெட்டியில் மாட்டினால், லேப்டாப் அந்தக் கீச்சொலியைக் கேட்டுத் தட்டு எந்த வேகத்தில், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்டுபிடித்துவிடும். லேப்டாப்புக்குள் இருக்கிற பாட்டு தட்டு சொன்னபடி ஓடும், பிடித்தால் நிற்கும், தள்ளினால் விரையும்.

"தட்டு ஸ்டியரிங். லேப்டாப் இன்ஜின். இப்பப் புரியுதா?" என்றான்.

அவள் தட்டில் விரலை வைத்து மெல்ல இழுத்தாள். லேப்டாப்புக்குள் இருந்த பாட்டு அவள் விரலோடு வந்தது. இரண்டு மணி நேரம் அவள் எழுந்திருக்கவேயில்லை. "இடுப்பு, இடுப்பு," என்று தம்பிதான் கத்திக்கொண்டிருந்தான்.

முதலாளி ஒரு ஞாயிறு தந்தார். "ஒரு தடவை பாட்டு நின்னாலும் போன்தான். ரேக் உள்ளயே இருக்கட்டும், எப்படியும் நாளைக்கு வேணும்." பாதிக் கூண்டை அடைத்துக்கொண்டு ரேக் நிற்க, மீதிப் பாதியில் தம்பி சாமான்களை இறக்கினான். வயரை மட்டும் அவன் தொடக்கூடாது என்றுவிட்டாள். "என் வயர நான்தான் மாட்டுவேன்."

வினையே அங்கேதான். ஒவ்வொரு டர்ன்டேபிளிலிருந்தும் இரண்டு வயர் வரும், இடது ஒலிக்கு வெள்ளை பிளக், வலது ஒலிக்குச் சிவப்பு. ஆனால் இடது டர்ன்டேபிளின் வெள்ளை பிளக் என்றோ உடைந்துபோய், வீட்டில் கிடந்த ஒரு சிவப்பை அவளே பற்றவைத்துவிட்டாள். இரண்டும் சிவப்பு. இத்தனை வருடம் குருட்டாம்போக்கில் மாட்டினாள், ஒன்றும் ஆகவில்லை. பாட்டு இடது ஸ்பீக்கருக்குப் பதில் வலதில் வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

மூன்று மணி. வலது தட்டில் முதல் பாட்டு ஜம்மென்று போனது. அறுபது, எழுபது பேர் சுற்றினார்கள். தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பையே பார்த்தான். அடுத்த பாட்டை இடது தட்டுக்குக் கொடுத்து, நடுவில் டிரம்ஸ் விழுகிற இடத்திலிருந்து தொடங்கும்படி அடையாளம் வைத்தாள். ஹெட்போனில் கேட்காமல் அவள் எந்தத் தட்டையும் விட்டதில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து முதலாளி கூண்டுக்குள் எட்டி, "அப்போ ரெக்கார்டு எதுக்கு, லேப்டாப் எதுக்கு?" என்று கேட்க, ஹெட்போனைக் கழற்றிப் பதில் சொல்லிக்கொண்டே கைப்பழக்கத்தில் இடது தட்டை விட்டுவிட்டாள்.

பாட்டு பின்னால் ஓடியது. பாடுகிறவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பாடுவதுபோல் இருந்தது. டிரம்ஸ் வீங்கி வீங்கி அடங்கியது. தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நின்னுபோச்சா?" என்றார் முதலாளி.

"நிக்கல சார். திரும்பி ஓடுது," என்றான் தம்பி.

அவள் விரலை வைத்துத் தட்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். பாட்டு நேராக வந்தது. அடப்பாவி, பிளக் மாறிப்போச்சு. இடது வயர் எது, வலது வயர் எது என்பதை வைத்துத்தானே லேப்டாப் திசையைக் கண்டுபிடிக்கிறது. இனிக் கழற்றி மாட்டினால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் பதினாறு வருடமும் போச்சு. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வலது தட்டுக்கே திரும்பிவிடலாம் என்று கையை நீட்டியவள் அரங்கத்தைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் சீருடையோடே வந்திருந்த ஒரு தபால்காரர் ஒரு கணம் காதைத் தீட்டினார், சிரித்தார், அப்படியே திரும்பிப் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கைகோத்துத் திரும்பினார்கள்.

அவள் கை தானாக மைக்கை எடுத்தது. டிப்போவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது ஆயிரம் தடவை கேட்ட குரல் அவளுக்குள்ளிருந்தே வந்தது.

"வண்டி ரிவர்ஸ் எடுக்குது. எல்லாரும் திரும்பிக்கோங்க. வரலாம்... வரலாம்... பச்சைச் சட்டை, கொஞ்சம் லெஃப்ட் ஒடிங்க... வரலாம், வரலாம்..."

அரங்கமே திரும்பியது. விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே சிரித்தார்கள். சுவரை விட்டு என்றைக்கும் நகராத ஒரு அம்மா, எங்கே போகிறோம் என்று தெரியாததால் பயமில்லாமல் நடு அரங்கம் வரை வந்துவிட்டார். பின்னால் போய்ப் போய்ப் பாட்டு அதன் தொடக்கத்தை நெருங்கியபோது, இம்முறை ஹெட்போனில் கேட்டு, வலது தட்டில் அடுத்ததைத் தாளம் சேர்த்து உள்ளே விட்டாள். "இப்ப முன்னாடி போலாம்," என்றாள். எழுபது பேரும் ஒரே வீச்சில் திரும்பினார்கள். பாட்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை. வலது தட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே இடதின் பிளக்குகளை மாற்றி மாட்டினாள். ஆறு மணி வரை அவளுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை.

ஆறு மணிக்கு முதலாளி வந்து கூண்டு வாசலில் நின்றார். தம்பி அக்காவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"அந்தப் பின்னாடி ஓட்டுறது அடுத்த வாரமும் உண்டா?"

"அது தப்பா வந்தது சார்," என்றாள்.

"தப்பா வந்ததோ சரியா வந்ததோ. வெளிய பத்துப் பேர் கேக்குறாங்க. உண்டா, இல்லையா?"

"உண்டு சார்."

தம்பி சும்மா இருப்பானா? "நாளைக்கே ஒரு வெள்ளை பிளக் வாங்கிப் போட்டுடறேன்க்கா. ரிவர்ஸ் வேணும்னா அதுக்கு லேப்டாப்லயே பட்டன் இருக்கு."

"பிளக்குல கை வச்ச, கைய ஒடிச்சிடுவேன்," என்றாள். மூன்று மாதத்தில் அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே நுழைந்து, ஷூ ரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை வாசல் பக்கம் காட்டியபடி இழுக்க ஆரம்பித்தார். வாசலோ குறுகல், ரேக்கோ அகலம். அவள் மைக்கை எடுத்தாள்.

"வரலாம் சார்... வரலாம்... கொஞ்சம் ரைட்டு... வரலாம்."