இரண்டு பொட்டலம் பூ

இந்த ஊரில் ஆகஸ்ட் மாதம் பாதி கடந்துவிட்டால் யாரும் யாரையும் சௌக்கியமா என்று விசாரிப்பதில்லை. "சனிக்கிழமைக்குத் தயாரா?" என்றுதான் கேட்கிறார்கள். தபால்காரர் கேட்கிறார், ரொட்டிக் கடைக்காரி கேட்கிறாள், நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் தரை துடைக்கும் கிழவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். எந்தச் சனிக்கிழமை, எதற்குத் தயாராக வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் வந்த முதல் வருஷம் இது என்னைக் கொஞ்சம் கலவரப்படுத்தியது உண்மை. விழுப்புரத்தில் பிறந்தவனிடம் சனிக்கிழமைக்குத் தயாரா என்றால் அவன் எண்ணெய்க் கிண்ணத்தை நினைப்பான்; மனசு சரியில்லாத நாளாக இருந்தால் சனீஸ்வரனை நினைப்பான். ஒருநாள் பொறுக்க முடியாமல் ரொட்டிக் கடைக்காரியிடம், "அன்றைக்கு என்னதான் நடக்கப் போகிறது?" என்று கேட்டேன். நான் வேடிக்கை செய்வதாக நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து வந்தவரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

விஷயம் இவ்வளவுதான். இங்குள்ள பல்கலைக்கழக ஃபுட்பால் குழு பருவத்தின் முதல் ஆட்டத்தை ஆடப் போகிறது. அவர்கள் ஃபுட்பால் என்பது நம் ஃபுட்பால் இல்லை. உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, இரும்புக் கூண்டு வைத்த தொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் முட்டித் தள்ளுகிறார்கள். பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் பேச்சு இருக்கிறதே, அதில் ஒரு வித்தியாசமும் கிடையாது. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, எதிரியின் பலம் என்ன என்று சாப்பாட்டுக் கடையிலும் தேவாலயத்து வாசலிலும் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். வாதாடுகிறவர்களில் ஒருவர்கூட ஆடப் போகிறவர் இல்லை.

இந்த வருஷம் வாதம் முழுக்க டாமி என்ற பையனைப் பற்றி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் அவன்தான். போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, யார் பேர் சொன்னாலும் தெரியாமல் சில நாள் கிடந்தானாம். இப்போது தேறிவிட்டான். முதல் ஆட்டத்தில் அவனை இறக்கலாமா கூடாதா என்று ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. என்னிடமும் அபிப்பிராயம் கேட்பார்கள். எனக்கு இந்த ஆட்டம் புரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அந்நியனாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு. உண்மையில் எனக்கு அந்த வாதம் ஒவ்வொரு சொல்லாகப் புரிந்தது. இதே வாதத்தை விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நான் ஒருமுறை ஜெயித்திருக்கிறேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த காலம் அது. மெட்ராஸிலும் சிதம்பரத்திலும் காலேஜில் படித்த எங்கள் ஊர்ப் பையன்கள் கோடை விடுமுறைக்கு வந்ததும் ஒரு குழுவாகச் சேர்வார்கள். திண்டிவனத்திலும் அப்படியே. முதல் ஆட்டம் எப்போதும் இந்த இரண்டு ஊர் காலேஜ் பையன்களுக்கும்தான். திண்டிவனத்தில், வற்றிப்போன ஏரிக்குள் நடக்கும். எனக்கு ஆடத் தெரியாது. பேசத் தெரியும். ஆடுகிறவர்களைவிட என்னைப் போன்ற பேச்சாளிகள்தான் அதிகம். கோல்கீப்பர் கேசவன் என் பக்கத்து வீடு, நாங்கள் ஒன்றாகவே வளர்ந்தவர்கள். முந்தின வருஷம் பந்து நெஞ்சில் பட்டுச் சுருண்டு விழுந்தவன் அவன். மெட்ராஸில் ஒரு டாக்டர் பரிசோதித்து, இதயம் கொஞ்சம் பலவீனம், ஒரு வருஷம் ஓடாதே ஆடாதே என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வருஷம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"ஒரு வருசம்னாரு, முடிஞ்சிபோச்சி. அப்புறம் இன்னா?" என்றேன் நான்.

"நீ சொல்லுவடா. நெஞ்சப் புடிச்சிக்கினு வுழுந்தது நீயா? அவனை வுட்டுடு, வேற யாரையாச்சும் நிக்க வை" என்றான் ராமலிங்கம். அவனும் என்னைப் போல வாய்ப்பந்தல் ஆசாமிதான், ஆனால் நிதானமுள்ளவன்.

"வேற யாரை நிக்க வச்சாலும் அஞ்சு கோலு. திண்டிவனத்தான் மூஞ்சில முழிக்க முடியாது. நான் போன வாரமே அவங்க கிட்ட சவால் வுட்டுட்டு வந்திருக்கேன்."

"ஒன் சவாலுக்கு அவன் உசுரா?"

கேசவன் அங்கேதான் இருந்தான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

பேச்சில் தீராததை எல்லையம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பார்ப்பதை நாங்கள் ஃபுட்பாலுக்கும் பார்த்தோம். ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கட்டியவனே பிரித்துச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கட்டினேன். இரண்டிலும் நந்தியாவட்டைதான் வைத்தேன். அம்மனிடமே கள்ளாட்டம் ஆடினேன் என்று இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

கோயிலுக்குச் சைக்கிளில் போனோம். மிதித்தது நான், பின்னால் உட்கார்ந்து வந்தவன் கேசவன், பொட்டலங்கள் அவன் சட்டைப் பையில். வழியில் சாலையோரச் செடிகளுக்குப் பக்கத்தில் அவனைச் சைக்கிளோடு நிறுத்திவிட்டுக் கற்பூரம் வாங்கக் கடைக்குள் போய் வந்தேன். கோயிலில் எங்கள் கூட்டம் முழுவதும் காத்திருந்தது. பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் போட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரித்தேன். உள்ளே சிவப்பு அரளி இருந்தது.

நான் வைக்காத பூ. நான் வைத்தது இரண்டும் வெள்ளை. அந்த அரளி வாடக்கூட இல்லை. கற்பூரப் புகைக்கு அப்பால் அம்மனின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் நான் செய்த திருட்டைச் சொல்ல வேண்டும். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்களை மூடி அந்தப் பூவை நசுக்கிக்கொண்டு, "வெள்ளை!" என்று கத்தினேன். கூட்டம் ஓவென்று கூவியது. கேசவன் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அம்மனைப் பார்த்தான். அதற்கப்புறம் அவன் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பயமாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஏரிக்குள் வெயில் கண்ணைப் பறித்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கடைசி நேரத்தில் ஒரு பந்து அவன் நெஞ்சில் பட்டது. உட்கார்ந்தான், எழுந்தான், கை ஆட்டினான், ஆட்டம் முடிந்தது. சாயங்காலப் பாசஞ்சரில் ஏறினோம். அவன் ஜன்னலோரம், நான் எதிரே. மயிலம் தாண்டுவதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு யாரை இறக்குவது என்று பேச்சு தொடங்கிவிட்டது. "கேசவா, நீ இன்னா சொல்ற?" என்று முதல்முறையாக அவனையும் கேட்டார்கள். அவன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "பெரிய ஆளாயிட்டாரு, பேச மாட்டாரு" என்று யாரோ கேலி செய்தார்கள். விக்கிரவாண்டியில் ராமலிங்கம் வறுத்த மல்லாட்டை வாங்கி அவன் உள்ளங்கையில் கொட்டினான். ரயில் ஆடும்போது அது ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவன் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. முண்டியம்பாக்கத்தில் நான் குனிந்து, "எம்மேல கோவமாடா?" என்று கேட்டேன். விழுப்புரத்தில் எல்லோரும் இறங்கினோம். அவன் இறங்கவில்லை.

எத்தனை ஸ்டேஷன் நாங்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து வாதாடிக்கொண்டு வந்தோம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சனிப்பிணம் தனியாகப் போகாது என்பார்கள். பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி எடுத்துப் போனார்கள். அது கத்திக்கொண்டே போனது. கேசவனின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். கருமாதி முடிந்த அன்று அத்தை எல்லையம்மன் கோயிலுக்குப் போய் மண்ணை வாரி உள்ளே இறைத்தாள். "போடான்னு சொன்னவளும் நீ, தூக்கிக்கினவளும் நீ! ஒனக்கு எம்புள்ளதான் கெடச்சானா?" என்று அவள் அலறியதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் ஒருவரும் பூக்கட்டிப் பார்ப்பதில்லை. பொய் சொன்ன அம்மன் என்று பெயராகிவிட்டது. நான் மேல்படிப்பு என்று மெட்ராஸ் போய், அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்தேன். அரளி எப்படி வந்தது என்று நினைக்காத வாரம் இல்லை. அம்மன்தான் மாற்றினாள், மாற்றியும் நான் கேட்கவில்லை, ஆகவே அடுத்த முறை என்னிடம்தான் வருவாள் என்று நம்பினேன். கோழிக்குஞ்சு கத்தும் சத்தத்தை இந்த ஊரில் பனிக்காலத்தில்கூடக் கேட்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை முடிவெட்டிக்கொள்ளப் போனேன். கடைக்காரர் எட் ஒரு வாயாடி. நாலைந்து பேர் நாற்காலிகளில் உட்கார்ந்து, டாமியை இறக்கியே ஆக வேண்டும் என்றும் இறக்கினால் அது கொலை என்றும் கத்திக்கொண்டிருந்தார்கள். எட் ஒரு பையனுக்குக் கழுத்தோரம் மழித்துக்கொண்டிருந்தார். அவன்தான் டாமி என்று தெரியச் சற்று நேரமாயிற்று. கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, தன்னைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்ணாடியில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

"இந்தியாக்காரரே, உங்கள் ஆட்களுக்கு வரப்போவது தெரியுமாமே, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று எட் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பிடித்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "தலை விழுந்தால் டாமி ஆடுகிறான்."

கையைத் திறக்க என்னால் முடியவில்லை. கண்ணாடியில் டாமி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வெள்ளை என்று நான் கத்தியபோது கேசவன் பார்த்த அதே பார்வை. கடைக்கு நடுவில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. பொட்டலங்கள் யார் பையில் இருந்தன? நான் கற்பூரம் வாங்கப் போனபோது சாலையோர அரளிச் செடிக்குப் பக்கத்தில் நின்றது யார்? வேண்டாம் என்று எங்கள் முன்னால் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அம்மன் வாயால் சொல்லப் பார்த்தான். அரளியை வைக்கப் பொட்டலங்களைப் பிரித்தபோது இரண்டும் வெள்ளையாக இருந்ததையும் பார்த்திருப்பான். தானே இரண்டிலும் வைத்த சிவப்பை நான் வெள்ளை என்று சொல்லக் கேட்டபோது, அம்மனே பூவை மாற்றிவிட்டாள் என்று நம்பி ஆடப் போனானா, இல்லை, நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துதான் போனானா? கோபமா என்று நான் ரயிலில் கேட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

நாணயத்தைப் பார்க்காமலே எட்டிடம் கொடுத்துவிட்டு, "உனக்கு ஆட விருப்பமா?" என்று டாமியைக் கேட்டேன். கடையே சிரித்தது. இந்தியாக்காரருக்கு நம் ஆட்டம் புரியவில்லை என்றார் ஒருவர். டாமி சிரிக்கவில்லை. துணிக்குள் அவன் கைகள் அசைந்தன.

விழுப்புரத்துக்காரர்களே, இதை நான் எழுதுவது உங்களுக்காக. உங்களில் யாராவது அத்தையின் வீட்டுக்குப் போய் இதைப் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அத்தே, அம்மன் அவனைப் போகச் சொல்லவில்லை. நான் சொன்னேன். மண்ணை என் மேல் இறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நான்கு வருஷத்தில் முதல்முறையாக ஆட்டத்துக்குப் போனேன். நல்ல வெயில், ஊரே அங்கே இருந்தது. டாமி ஓரத்துப் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசிக் கால்மணி நேரம், நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். எங்கோ ஒரு மூலையில் அவன் பெயரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். அது வரிசை வரிசையாகப் பரவி, மைதானம் முழுவதும் ஒரே குரலாயிற்று. டாமி எழுந்தான். தொப்பியை மாட்டியதும் அவன் முகம் மறைந்துபோனது. அந்தக் கூண்டுக்குள் இருப்பது யாராகவும் இருக்கலாம் என்று தோன்றியதும் நானும் எழுந்துவிட்டேன். "வேணாண்டா கேசவா, உக்காருடா, நான் பொய் சொன்னேண்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார், கண் கலங்கியிருந்த என்னை இறுகத் தோளோடு அணைத்துக்கொண்டு, "அப்படித்தான், இன்னும் சத்தமாக!" என்றார்.