ஊற்றாமல் விட்ட தட்டு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தொண்ணூறுகளில் மலையகத்தில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தேன். வேரழுகல் நோயைத் தாங்கும் தோடங்கன்றுகளை, அதாவது ஆரஞ்சுக் கன்றுகளைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. கிருமி கலந்த தண்ணீரைத் தட்டுத் தட்டாக வளர்த்த எல்லாக் கன்றுகளுக்கும் ஊற்றவேண்டும். சாகாமல் நிற்பதுதான் நல்ல இனம்.

அன்று மழை. கடைசித் தட்டு மிச்சமிருக்கையில் பஸ் நேரமாகிவிட்டது. வாளியோடு நின்ற தொழிலாளி சரஸ்வதியிடம், "மிச்சத் தண்ணியைக் குப்பைக் கிடங்குக்குள்ள ஊத்திப்போட்டு வாங்கோ" என்றேன். எல்லாத் தட்டுக்கும் ஊற்றியதாகப் புத்தகத்தில் எழுதினேன்.

இரண்டு மாதத்தில் மற்றவை வாடிவிழ, அந்தத் தட்டு மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. பண்ணை அதிகாரிக்குச் சந்தோஷம். "தோட்டத் தொழிலாளரின்ர லயத்து வீடுகளுக்கெல்லாம் இதிலிருந்தே கன்று கொடுப்போம்" என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆளில்லாத நேரம் பார்த்துக் கிருமித் தண்ணீரை அந்தத் தட்டுக்கும் ஊற்றினேன். ஒரு மாதத்தில் எல்லாம் செத்தன.

என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார். சரஸ்வதியைக் காட்டி, "தண்ணி கூடுதலா விட்டிட்டா போல, சேர்" என்றேன்.

சரஸ்வதி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "ஆமாங்க ஐயா, கை தவறிருச்சுங்க" என்றார்.

அன்றே அவரைத் தேயிலை மலைக்குக் கொழுந்தெடுக்கத் திருப்பி அனுப்பினார்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எனக்கு மலை இருக்குங்க ஐயா. ஒங்களுக்கு வேலை போனா ஊருக்குல்ல போகணும்."

ஊரில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது.

அதன்பிறகும் அந்த அதிகாரியோடு ஆறு வருடம் வேலை செய்தேன். ஒருநாளும் உண்மையைச் சொல்லவில்லை.