பத்துக்கு நான்கு

இருபது வருடம் பாடம் நடத்தியவளிடம், பாடம் நடத்தத் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். திருமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் நிர்வாகம் மாறியிருந்தது. ஆன்லைனில் மூன்று மாதப் பயிற்சி. தேறாதவர்களுக்கு ஜூன் மாதம் வகுப்பு கிடையாது. அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதலாம். ஏழாம் வகுப்பு அறிவியலை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. படிக்கவும் தெம்பில்லை. காலையில் ஆனையூரிலிருந்து இரண்டு பஸ், சாயங்காலம் திரும்ப இரண்டு பஸ். வீட்டுக்குள் நுழைந்ததும் காலை நீட்டிக் கொஞ்ச நேரம் கிடந்தால் போதும் என்றிருக்கும்.

பயிற்சியில் எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டார்கள். என் குழுவில் ஒரு கணக்கு டீச்சர்; நகரத்துக்குள்ளேயே இருப்பவர், சௌராஷ்டிரக் குடும்பம். இன்னொருவர் கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சமூக அறிவியல் ஆசிரியர். பள்ளி விட்டதும் வயலுக்குப் போகிறவர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ‘தண்ணீர்’ என்ற தலைப்பை எடுத்துக்கொண்டோம். எனக்கு நீர்ச் சுழற்சி, கொட்டாம்பட்டிக்காரருக்குக் கண்மாய், கணக்கு டீச்சருக்குத் தண்ணீரை அளப்பது. அவரவர் வகுப்பில் நடத்தி, செல்போனில் வீடியோ எடுத்து ஏற்ற வேண்டும். ஒருவர் பாடத்தை மற்ற இருவரும் பார்த்து, பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கருத்தும் எழுத வேண்டும். சராசரி ஏழு வந்தால் தேர்ச்சி.

எல்லோரும் எல்லோருக்கும் பத்து போட்டோம். ‘சூப்பர் சார்’, ‘அருமை டீச்சர்’, கூடவே ஒரு கைகூப்பும் படம். பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்று யார் சொல்வார்கள்? மூன்றாம் நாள் எல்லாம் திரும்பி வந்தது. குறை சொல்லாத கருத்து கருத்தே இல்லையாம். ஒரு வாரத்துக்குள் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

கொட்டாம்பட்டிக்காரர் குழுவில் குரல் பதிவு போட்டார்.

“டீச்சர், இங்க வயல்ல கடலை எடுக்கிறாக, தலைக்கு மேல வேலை கெடக்கு. குறை சொல்லுன்னா என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரும் நல்லாத்தான நடத்திருக்கீக.”

வீடியோவில் வெளிச்சம் போதவில்லை என்று எங்கள் இருவருக்கும் ஒரே வரியை எழுதி அவர் கடமையை முடித்துக்கொண்டார்.

கணக்கு டீச்சர் அப்படி விடவில்லை. என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டார். அப்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“தப்பா எடுத்துக்கிடாதீங்க டீச்சர். எழுதுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிரணும்னு நெனச்சேன். பன்னெண்டு நிமிஷமும் நீங்களேதான் பேசுறீங்க. மூணாவது பெஞ்சுல ஒரு பிள்ளை கையத் தூக்கிட்டே இருக்கு. நீங்க கண்டுக்கிடவே இல்ல. அப்பறம் அதுவே இறக்கிருச்சு.”

“சரிங்க டீச்சர்” என்று வைத்துவிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்குச் சொல்ல இவர் யார்? நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பாடம் என்றைக்கு முடியும்? நின்ற நிலையிலேயே செல்போனைத் திறந்து அவருக்கு நான்கு போட்டேன். கருத்துக் கட்டத்தில் ‘இன்னும் மேம்படுத்த வேண்டும்’ என்று எழுதி அனுப்பினேன். பஸ் பசுமலை தாண்டுவதற்குள் வேலை முடிந்தது.

ஆனாலும் அந்தக் கை என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே சலிப்பாக இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் கை எழுந்தது. வலித்திருக்க வேண்டும், இன்னொரு கையால் முட்டுக் கொடுத்து எட்டாவது நிமிடம் வரை தூக்கியே வைத்திருந்தாள். நான் அவளை நேராகப் பார்த்தபடி நீர் ஆவியாவதைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறேன். வெட்கமாக இருந்தது. எப்போதிலிருந்து இப்படி ஆனேன் என்று தெரியவில்லை. டீச்சருக்குப் போட்ட மதிப்பெண்ணை மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்ற வழியில்லை.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன கேட்க நினைத்தாய் என்றேன். “மறந்துருச்சு மிஸ்” என்றாள். அன்று வகுப்பில் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கேட்டதில் பல கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை.

புதன்கிழமை முடிவு வந்தது. கொட்டாம்பட்டிக்காரர் எனக்கு எட்டு போட்டிருந்தார், கணக்கு டீச்சர் ஏழு. தேறிவிட்டேன். டீச்சருக்குக் கொட்டாம்பட்டிக்காரருடைய ஒன்பதும் என்னுடைய நான்கும் சேர்ந்து சராசரி ஆறரை. தவறியவர்கள் பாடத்தைத் திருத்தி ஒரே ஒரு முறை மறுபடி ஏற்றலாம்.

மதியச் சாப்பாட்டு வேளையில் டீச்சரே கூப்பிட்டார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“டீச்சர், எங்க ஸ்கூல்லயும் உங்க கதைதான். சர்ட்டிபிகேட் இல்லேன்னா கிளாஸ் இல்ல. ஏழு போட்டா நீங்க தேறிருவீங்கன்னு பாத்துத்தான் உங்களுக்குப் போட்டேன். அது கெடக்கட்டும். திருத்தி ஏத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. மேம்படுத்தணும்னு எழுதிருக்கீங்க. எந்த எடத்துலன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்கிடுவேன்.”

குரல் சரியாகக் கேட்கவில்லை, கரும்பலகை தெரியவில்லை என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

“உங்க வீடியோவ நான் பாக்கவே இல்ல டீச்சர்” என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று காத்திருந்தேன்.

“பதினோரு நிமிஷந்தான் டீச்சர்” என்றார். “இன்னைக்காவது பாத்துருங்க.”