செலண்டார் மையத்தில் தேறியவர்கள்

இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்காக எங்கள் அறவாரியம் மூன்று சிறிய மையங்களை நடத்தி வந்தது. ஒன்று அலோர் காஜாவில், ஒன்று கிளேபாங்கில், மற்றது செலண்டாரில். பிள்ளைகளை மறுபடி படிக்கவைத்து, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மைத் தனித்தேர்வராக எழுதவைப்பதுதான் வேலை. நன்கொடையாளர்கள் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுக்கான உதவியை முடிவு செய்வார்கள். புள்ளியியல் படித்தவள் என்பதால் அந்த விகிதங்களைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அலுவலகம் அலோர் காஜாவில் ஒரு கடைவீட்டு மாடி. அதன் பின்னறையில்தான் நான் குடியிருந்தேன். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம். கீழே கடைக்குப் போய் தே ஓ என்ற பால் கலக்காத தேநீர் ஒன்று கேட்டதைத் தவிர வேறு எதுவும் பேசாமல் முடிந்த நாட்கள் உண்டு. அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. நாளைக்குச் செய்யவேண்டியவற்றை எழுதி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

தேர்ச்சி விகிதத்தில் செலண்டார் எப்போதும் கடைசியில் இருந்தது. அறவாரியத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஒருநாள் என்னை அழைத்தார்.

"இந்த வருசமும் இப்படியே இருந்தா மூடிடவேண்டியதுதான்லா. நீயே போய் என்னன்னு பாத்துட்டு வாம்மா."

பார்க்கவேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்: வருகை, புத்தகங்கள், பாட நேரம், பிள்ளைகளுக்குப் போக்குவரத்து. சன்னலுக்கு வெளியே செம்பனை, பிறகு ரப்பர், மறுபடியும் செம்பனை. மையம் ஓர் இரும்புக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரே ஆசிரியை. நாற்பதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

"பசியாறிட்டியாம்மா?" என்றார். நான் வந்த காரணம் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

நான் எழுதி வைத்திருந்தவற்றில் ஒன்றிலும் குறை இல்லை. பாடமும் நன்றாக நடந்தது. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. அவர் வைத்த பயிற்சித் தேர்வுகளில் முன்னால் இருந்த பிள்ளைகள் எஸ்.பி.எம். எழுதியவர்களில் இல்லை.

"அவங்க எல்லாம் நின்னுட்டாங்களா டீச்சர்?"

"நிக்கிறதாவது! ஸ்கூலுக்குத் திருப்பி அனுப்பிட்டேன்."

ஒரு பிள்ளை தேறிவிடும் என்று தெரிந்தவுடன், பெற்றோரை அழைத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் பழைய பள்ளிக்கும் நடையாய் நடந்து, கெஞ்சி, மறுபடி சேர்த்துவிடுவாராம். அங்கே வகுப்பு இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, விளையாட்டுத் திடல் இருக்கிறது. "ஓடத் தெரிஞ்ச பிள்ளைய எதுக்குலா இங்க கட்டி வைக்கணும்?"

ஆக, நன்றாகப் படித்தவர்களின் தேர்ச்சி எல்லாம் அந்தப் பள்ளிகளின் கணக்கில் சேர்ந்துவிட்டது. எங்கள் கணக்கில் மிஞ்சியவர்கள், இன்னும் காலம் தேவைப்பட்ட பிள்ளைகள் மட்டுமே. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. விடை கிடைத்துவிட்டது.

"இது போதும் டீச்சர். திரும்பிப் போன பிள்ளைங்க பேரு, பெத்தவங்க கையெழுத்து, இது ரெண்டும் குடுத்தாத் தலைவர் ஒத்துக்குவாரு."

அவர் வெண்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு பாசார் மாலம் இருக்கு. பஸ்ஸுக்கு நேரம் இருக்குல்ல, வா."

அந்த இரவுச் சந்தையில், மடித்த இனிப்பு ஆப்பம் விற்கும் ஆப்பம் பாலிக் கடைக்கு முன்னால் நின்றோம். மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. நான்கைந்து மாணவிகள் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொண்டே எதிரில் வந்தார்கள். அவர்களில் ஒரு தமிழ்ப் பெண் டீச்சரைப் பார்த்தாள். பார்த்ததை நானும் பார்த்தேன். பேச்சை நிறுத்தாமல், சிரிப்பையும் நிறுத்தாமல் எங்களைக் கடந்து போய்விட்டாள்.

டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "பாத்தியா? அந்த நீலச் சட்டை. என்கிட்ட பரீட்சையில முதலா வந்தவ. என்னா நடிப்பு! சினிமாவுக்கே அனுப்பலாம்."

"ஏன், உங்க மேல கோவமா?"

"நான்தான் சொல்லி அனுப்புவேன், ரோட்ல பாத்தா தெரியாத மாதிரி போயிடணும்னு. சென்டர் பிள்ளைன்னு தெரிஞ்சா கிண்டல் பண்ணியே மறுபடி வீட்ல உக்கார வெச்சிடுவாங்க. முன்ன ரெண்டு பேரு அப்படித்தான் நின்னுட்டாங்க."

"எல்லாருமே இப்படியா போவாங்க?"

"எல்லாருமே. நல்லாப் படிக்கிறதுங்க, நல்லாவே மறந்துடும்." சிரித்துக்கொண்டே ஆப்பத்தைப் பிட்டுப் பாதியை எனக்குக் கொடுத்தார். அந்த நீலச் சட்டை கூட்டத்தில் மறையும்வரை அவர் தன் பங்கைக் கடிக்கவில்லை.

"பேரு மட்டும் போதும் டீச்சர்."

"அதோட விடுவாங்களா? நன்கொடை விருந்துல மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுவாங்க, படம் எடுத்துப் போடுவாங்க. வேணாம்மா."

"மையத்த மூடிடுவாங்க."

"தெரியும்."

அறிக்கையில் 'பள்ளிக்குத் திரும்பியவர்கள்' என்று ஒரு புதிய பத்தியைச் சேர்த்தேன். எண்ணிக்கை மட்டும் இருந்தது. கூட்டத்தில் தலைவர் அதை இரண்டு முறை படித்தார். அவர் கெட்டவர் இல்லை.

"நீ சொல்றத நான் நம்புறேன்மா. குடுக்கிறவங்க நம்பணுமே. ஒரே ஒரு பிள்ளை வந்து, நான் அங்கதான் படிச்சேன்னு சொன்னாப் போதும். யாரையாவது தெரியுமா?"

நீலச் சட்டை தெரியும். செலண்டாரில் அவளைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள்கூட ஆகாது. மேசையைச் சுற்றி எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"தெரியாதுங்க," என்றேன்.

செலண்டார் மையத்தை மூடி, மிச்சமிருந்த பிள்ளைகளை அலோர் காஜாவுக்கு மாற்றினார்கள். பஸ் பிடித்து வந்தவர்களில் சிலர் போகப்போக வரவில்லை. டீச்சரையும் அங்கே வரச்சொல்லிக் கேட்டார்கள். தூரம் என்று சொல்லிவிட்டார்.

நாற்காலிகளை லாரியில் ஏற்றிவிட நான்தான் போனேன். லாரி புறப்பட்டது. டீச்சர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அன்றும் சந்தை நாள்தான்.

ஆப்பம் பாலிக் கடையில் அன்று நீலச் சட்டையில் பார்த்த அந்தப் பெண் தோழிகளோடு நின்றிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். இந்த முறை ஏதோ கேட்க வருவது அவள் முகத்தில் தெரிந்தது. மையக் கதவில் பூட்டைப் பார்த்திருப்பாள். கூட்டத்தை விட்டு என் பக்கம் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

நான் கடைக்காரர் பக்கம் திரும்பி விலை கேட்டேன். அவர் சொன்னதை மறுபடியும் கேட்டேன். தோழிகள் அவளைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அவர்கள் சிரிப்பு, கொஞ்சம் தள்ளி.

ஆப்பத்தைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.